வகுப்புக்கு ஒரு காது

நேற்று இரவு அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போன மகள், காலையில் அதைத் திறந்துகொண்டு வந்தபோது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி டீயை உறிஞ்சினார்.

கதவு எதற்காகச் சாத்தப்பட்டது என்பது வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒரு கல்லூரியில் பேராசிரியை. அங்கே நல்லுறவு மையம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் அவள்தான் தலைவி. பல ஊர், பல மொழி, பலவிதமான வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் ஒருவரையொருவர் மதித்துப் பழக வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட மையம். அங்கே வகுப்பும் உண்டு, விசாரணையும் உண்டு, தண்டனையும் உண்டு. மகள் அதே கல்லூரியில் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அப்பா வீட்டுக்குக் கீழேயே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

அந்த மையம் செய்த ஏற்பாடு ஒன்றுதான் இப்போது இந்த வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மாணவர் 'சூழல் நண்பர்'. அவர் யார் என்பது மையத்துக்கு மட்டும்தான் தெரியும். யாராவது யாரையாவது மட்டம் தட்டிப் பேசினால் அவர் மையத்திடம் போய்ச் சொல்வார். அடிபட்ட பிள்ளையே போய்ப் புகார் கொடுத்து மறுபடியும் அடிபட வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கல்லூரியில் ஒருவரும் 'சூழல் நண்பர்' என்று சொல்வதில்லை. 'காது' என்றுதான் சொல்கிறார்கள்.

மகளின் வகுப்பில், மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தான் வரைந்த வீட்டுப் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மலைலேர்ந்து வந்ததுங்களை வீடு வரையச் சொன்னா குகைதான் வரையும்." வகுப்பே சிரித்தது. அடுத்த வாரமே, நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுகிற பையனை விடுதியை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். சனிக்கிழமை தோறும் நல்லுறவுப் பயிற்சி வேறு. அன்றிலிருந்து வகுப்பே காதைத் தேடிக்கொண்டிருக்கிறது. மையத் தலைவியின் மகள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறெங்கே போய்த் தேடுவார்கள்?

"கடைசியா கேக்கறேம்மா. எங்க கிளாஸ்ல காது யாரு?"

"அந்த வார்த்தைய வீட்ல சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி, சூழல் நண்பர். போதுமா? பேரைக்கூட சொல்ல வேணாம். என் பொண்ணு இல்லைன்னு மட்டும் வந்து ஒரு வார்த்தை சொல்லு."

"உன்னை இல்லைன்னு சொன்னா, அடுத்தவன் வந்து 'நானும் இல்லைன்னு சொல்லுங்க மேடம்'பான். அப்புறம் இன்னொருத்தி வருவா. கடைசில யாரு மிச்சம் நிக்கறாங்களோ அவங்க மாட்டுவாங்க. அதெல்லாம் முடியாது கண்ணு."

நியாயமான பதில்தான். மகளுக்கு எரிச்சலே அதில்தான். எதைக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரு நியாயமான பதில் தயாராக இருக்கும்.

"இன்னிக்கு ப்ராஜெக்டுக்கு குரூப் பிரிக்கறாங்க. மூணு மூணு பேரா. மதியத்துக்குள்ள யாரும் என்னைச் சேத்துக்கலைன்னா இந்தப் பாடமே போச்சு. அடுத்த வருஷம் ஜூனியருங்களோட உக்காந்து திரும்பப் படிக்கணும். தெரியுமில்ல?"

"யாராவது சேத்துப்பாங்க. சும்மா கற்பனை பண்ணிக்காதே."

"கற்பனையா? நான் போய் உக்காந்தா எந்திரிச்சுப் போறாங்கம்மா. நேத்து கேண்டீன்ல என்ன நடந்துச்சு தெரியுமா, அந்த மிமிக்ரி இருக்கானே..."

அவ்வளவுதான். அப்பா எட்டி டிவியைப் போட்டு, சத்தத்தையும் ஏற்றிவிட்டார். வானிலை அறிக்கை வீடு முழுக்க அலறியது.

"அப்பா!"

"மழை வருமான்னு பாக்கறேம்மா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளாகவே அப்பா இப்படித்தான். மகள் கல்லூரிக் கதையை எடுத்தால் போதும், டிவி போடுவார். இல்லையென்றால் கீழே கடையில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார். அவளுக்கு 'ரேடியோ' என்று செல்லப் பெயர் வைத்தவரே அவர்தான். வகுப்பில் யார் என்ன சொன்னார்கள், எந்தக் குரலில் சொன்னார்கள், கையை எப்படி ஆட்டினார்கள் என்று அவள் அத்தனையையும் நடித்துக் காட்டுவாள். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். இப்போது அந்த மனிதருக்கே அவள் பேச்சு கசக்கிறது. அப்பாவும் என்னை நம்பவில்லையோ என்று மகளுக்கு உறுத்தியது. இந்த வீட்டில் யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

---

கட்டடக்கலைக்காரர்களுக்கு வகுப்பறை என்று தனியாகக் கிடையாது. ஸ்டூடியோ என்று ஒரு நீளமான கூடம். வரைபலகைகள் வரிசையாக இருக்கும். கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடி அட்டை வெட்டும் பெரிய மேசை. எந்நேரமும் பசை நாற்றம். காலையிலிருந்து மாலைவரை எல்லோரும் அங்கேயேதான் கிடப்பார்கள். அங்கே ஒருத்தியை ஒதுக்கிவைத்தால், அவள் ஒளிந்துகொள்ளக்கூட ஒரு மூலை கிடையாது.

மகள் நுழைந்ததும் பேச்சு நின்றது.

"அன்பான நேயர்களே, எல்லாரும் நல்ல வார்த்தையா பேசுங்க, நேரடி ஒலிபரப்பு ஆரம்பம்!" என்றான் மிமிக்ரி. அச்சு அசல் துறைத்தலைவரின் குரல். குட்டையாக, துருதுருவென்று இருப்பான். யார் குரலிலும் பேசுவான். வகுப்புக்கே செல்லப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். மகளும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். அப்படிச் சிரித்ததற்காகத் தன்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கரும்பலகையில் குழுக்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. அவள் ஒரு மேசைக்குப் போனாள்.

"உங்க குரூப்ல இடம் இருக்கா?"

"ஃபுல்லுப்பா."

"ரெண்டு பேருதானே இருக்கீங்க?"

"இன்னொருத்தர் வருவாங்க."

"யாரு?"

"யாராவது."

அடுத்த மேசையில் அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. ஒருத்தி பையை எடுத்துக் காலி நாற்காலியில் வைத்துவிட்டு, ரொம்ப மும்முரமாகப் பென்சில் சீவ ஆரம்பித்தாள். முதல் வருஷம் முழுக்க இவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் அவள். வயிறு எரிகிறதா இல்லையா?

அப்போதுதான் மலைப்பெண் வந்து பக்கத்தில் நின்றாள். வகுப்பில் அவளுக்கு மேகம் என்று பெயர். முதலில் கேலிக்கு வைத்ததுதான். அவள் "நல்லாத்தானே இருக்கு" என்று எடுத்துக்கொண்டுவிட்டதால் நிலைத்துவிட்டது.

"உன்னை யாரும் சேத்துக்கலையா?"

"தெரியுதில்ல. அப்புறம் என்ன கேள்வி?"

"என்னையும்தான். ஆனா என்னை வேணாம்னு யாரும் சொல்றதில்ல. 'நீ எங்க வேணா வரலாம் மேகம்'னு சிரிச்சுகிட்டே சொல்லிட்டு, அப்படியே தள்ளி உக்காந்துக்கறாங்க. முன்னாடியாவது கிண்டல் பண்ணுவாங்க, நானும் திருப்பி ரெண்டு குடுப்பேன். இப்போ நான் வந்தாலே ஆஸ்பத்திரில பேசற மாதிரி மெல்லப் பேசறாங்க. எந்த வார்த்தை எங்க போய்ச் சேருமோன்னு எல்லாருக்கும் பயம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மேகம் விடவில்லை.

"உன்னை ஒண்ணு கேக்கறேன். மூஞ்சியப் பாத்து பதில் சொல்லு. காது நீயா?"

"இல்ல."

"சத்தியமா?"

"எங்கப்பா மேல சத்தியம். மையத்துல போய் நான் யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

மேகம் கொஞ்ச நேரம் அவள் கண்ணையே பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்துப் பலகையில் தன் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்து எழுதினாள். கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மேகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகளுக்கு "தேங்க்ஸ்"கூடச் சரியாக வரவில்லை.

"தேங்க்ஸ் எல்லாம் இருக்கட்டும். சாயங்காலம் ஸ்கூல் விடற நேரத்துக்கு நான் கிளம்பிடுவேன். ஏன்னு உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். கல்லூரியிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். மேகம் தன் விடுதி அறையில் பள்ளிக்கூடம் போகிற தங்கையை ஒளித்துவைத்துப் படிக்கவைக்கிறாள். ஊரில் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வெளியே தெரிந்தால் அக்காவுக்கு விடுதி போகும், தங்கைக்குப் படிப்பு போகும். போன மாதம் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். இவளும் கூட அழுதாள்.

"மூணாவது ஆளு?" என்றாள் மகள்.

மேகம் கூடத்தின் கோடியைக் காட்டினாள். நெட்டையன் தனியாக உட்கார்ந்து அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். தண்டனை வாங்கியவனோடு சேர்ந்தால் தன் பெயரும் கெட்டுவிடும் என்று அவனையும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

"அவனா? உன்னை அப்படிப் பேசினவனை நீயே சேத்துக்கறியா?"

"கூப்பிடறேன், அவனே சொல்லட்டும்."

நெட்டையன் தயங்கித் தயங்கி வந்தான். மகளைப் பார்த்ததும் முகம் இறுகியது. இவள் காது இல்லை, சத்தியம் பண்ணியிருக்கிறாள் என்று மேகம் சொன்னதும் கொஞ்சம் தளர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ரெண்டு பஸ் மாறி சித்தி வீட்லேர்ந்து வரேன். அதுகூட பரவால்ல. எங்கப்பாவை வரச் சொன்னாங்க. அவரு பிரின்சிபால் ரூம் வாசல்ல நின்னு, போறவன் வரவனுக்கெல்லாம் கும்பிடு போட்டாரு. நான் பண்ணாத தப்புக்கு."

"பண்ணாத தப்பா?"

"அந்தக் குகை விஷயத்தை நான் சொல்லவே இல்லையே. சொன்னது மிமிக்ரி. என் குரல்ல சொன்னான். எப்பவும் பண்ற சேட்டைதான்."

'உன் குரல்தானே கேட்டுச்சு' என்பது மகளின் உதடுவரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கினாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் மேகம். "படத்தை மாட்டிட்டு அப்பத்தான் திரும்பினேன். மிமிக்ரி வாய் அசையறதை நேராப் பாத்தேன். எல்லாரும்தான் பாத்தாங்க."

"அப்போ ஏன் யாருமே போய்ச் சொல்லலை?"

நெட்டையன் சிரித்தான். "யாரு போவா? மையத்து வாசப்படியை மிதிச்சாலே காதுன்னு முத்திரை குத்திடுவானுங்க. அவனும் கமுக்கமா இருந்துட்டான். கூட இருந்தவனைக் காட்டிக்கொடுக்க எனக்கும் மனசு வரலை."

"என்னையாவது ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்," என்றாள் மேகம். "பேச்சு வாங்கினது நான்தானே? ஒருத்தரும் கேக்கலை. எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டு, 'உனக்கு நியாயம் கிடைச்சிடுச்சும்மா'ன்னாங்க உங்கம்மா. யாருக்குக் கிடைச்சுது, எதுக்குக் கிடைச்சுதுன்னு எனக்கு ஒண்ணும் புரியலை."

பிறகு மகளின் கையைத் தட்டிக்கொடுத்தாள். "அதனாலதான் நீ இல்லைன்னு நம்பறேன். ரூமுக்குள்ள இருந்த யாரும் இவன் பேரைச் சொல்லியிருக்க மாட்டாங்க. வராண்டால போன யாரோ குரலை மட்டும் கேட்டுட்டுப் போய் வத்தி வெச்சிருக்காங்க."

மகள் மெல்லக் கையை இழுத்துக்கொண்டாள்.

குகைப் பேச்சு வந்த அன்றைக்கு அவள் அட்டை வெட்டும் மேசையில் இருந்தாள். கூடத்துக்கு முதுகு, ஜன்னலுக்கு முகம். ஒரு கையில் இரும்பு ஸ்கேல், ஒரு கையில் பிளேடு. கண்ணை எடுத்தால் விரல் போய்விடும். குரல் கேட்டது, சிரிப்பும் கேட்டது, அவள் திரும்பவே இல்லை. அன்று இரவு சாப்பிடும்போது, "அம்மா, இந்த நெட்டையன் இருக்கானே, இன்னிக்கு என்ன திமிரு தெரியுமா அவனுக்கு" என்று ஆரம்பித்து, அவன் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டினாள். கோபமாகத்தான் சொன்னாள். அம்மாவும் "அடப்பாவி" என்றாள்.

நெட்டையன்தான் அதைச் சொன்னான் என்று அந்தக் கூடத்தில் நம்பிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான். சற்றுமுன் அப்பாமேல் சத்தியம் செய்தவள்.

"என்னாச்சு? வேர்க்குது உனக்கு," என்றாள் மேகம்.

"ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சிட்டு வரேன்."

---

நல்லுறவு மையத்தில் மேசை கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். யாரும் யாருக்கும் மேலே இல்லை என்று காட்டுவதற்காக. சுவரில் ஒரு பலகை: 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்.' அம்மா அடுத்த வகுப்புக்காக நாற்காலிகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மகள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"எங்க கிளாஸ்ல காதே கிடையாது. அப்படித்தானே?"

அம்மா நாற்காலியைப் பிடித்தபடியே நின்றாள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. குகைன்னு சொன்னது நெட்டையன் இல்ல, மிமிக்ரி. கிளாஸ்ல அத்தனை பேரும் பாத்திருக்காங்க. நான் திரும்பி உக்காந்து அட்டை வெட்டிகிட்டிருந்தேன், குரலை வெச்சு நெட்டையன்னு நெனச்சேன். அந்தத் தப்பான பேரு உனக்கு என்கிட்டேர்ந்துதான் வந்திருக்க முடியும்."

அம்மாவின் கண் சுருங்கியது. எத்தனையோ விசாரணை நடத்திய கண். "உன்னை யாராவது மிரட்டினாங்களா? பேரை மாத்திச் சொல்லச் சொல்லி? பயப்படாம சொல்லு. அவன் அப்பா வந்து பேசினாரா?"

"அம்மா! நான் உன் பொண்ணு. விசாரணைக்கு வந்தவ இல்ல."

அம்மா மெல்ல உட்கார்ந்தாள்.

"ஒரு பொண்ணு இருந்தா. ஆரம்பத்துலேயே பயமா இருக்குன்னு விலகிட்டா. வேற யாரைக் கேட்டும் ஒத்துக்கலை. சரி, அந்த வகுப்பு காலியாவே இருக்கட்டும்னுதான் விட்டேன். நீ தினமும் வந்து சொல்லுவே..."

"உனக்குச் சொன்னேன். எங்கம்மாவுக்கு. மையத்துக்கா சொன்னேன்?"

"காதுல விழுந்ததை நான் எங்க கொண்டுபோய்க் கழட்டி வைக்கறது? ஒரு பொண்ணைக் குகைல இருக்கறவன்னு சொல்லி மொத்த வகுப்பும் சிரிச்சிருக்கு. அதைக் கேட்டுட்டு, கையக் கழுவிட்டுப் போய்ப் படுத்துக்கணுமா? நான் அப்படிப்பட்டவளா?"

அம்மா அப்படிப்பட்டவள் இல்லைதான். அது அவளுக்கும் பெருமைதான்.

"என்னைக் கேட்டிருக்கலாமே. 'இதை எடுத்துகிட்டுப் போகட்டுமா'ன்னு ஒரு வார்த்தை. முதல் வருஷத்துப் பசங்களுக்கு நீ வகுப்பெடுக்கறே, அடுத்தவங்க கதையை அவங்க அனுமதி இல்லாம எடுக்கக்கூடாதுன்னு. நானும் இதே நாற்காலில உக்காந்து கேட்டேன். நோட்ஸ்கூட எடுத்தேன்."

அம்மாவின் முகம் சிவந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் குரல் உடையவில்லை. குரல் உடையாத பெண்மணி அவள். எனக்கே சமயத்தில் அவள்மேல் கோபம் வருகிறது, என்ன செய்வது.

"சரி. நடந்தது தப்பு. நாளைக்கே அந்தப் பையன் மேல இருக்கற நடவடிக்கையை ரத்து பண்ணிடறேன். தகவல்ல குழப்பம்னு சொல்லிடலாம். உன் பேரே வராது. நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"யாரு தகவல் குடுத்தாங்கன்னு விசாரணைக் கமிட்டி கேக்குமே?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"அவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கே?"

"சூழல் நண்பர்னு."

"இல்லாத ஆளையா?"

"மெதுவாப் பேசு. இது வெளில போச்சுன்னா என் வேலை போறது ஒரு பக்கம் இருக்கட்டும். இதுக்குன்னே காத்துகிட்டிருக்காங்க. இதுவரைக்கும் வந்த புகார் எல்லாமே கட்டுக்கதைன்னு மையத்தையே இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் மேகம் மாதிரி பொண்ணுங்க யார்கிட்ட போய் நிப்பாங்க? யோசிச்சுப் பாரு."

மறுபடியும் நியாயம். மகள் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"மேகம் உங்கிட்ட வந்து நிக்கலையேம்மா. அவளை யாரும் கேக்கவே இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

---

மாலையில் அவள் வீட்டுக்குப் போகாமல் கடைக்குள் போய், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் சாய்ந்தாள். அப்பா ஒரு பிரேமின் கையைத் திருகிக்கொண்டிருந்தார். பொடி ஆணியைச் சாமணத்தால் பிடித்தபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. ஆணியை முடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். "தெரியாது. சந்தேகம்தான். நீ காலேஜ் கதை சொன்னா உங்கம்மா சாப்பிடறதை நிறுத்திட்டுக் கேக்கறா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் கதைக்கு ஒரு தடவைகூட அவ சாப்பாட்டை நிறுத்தினதில்ல."

சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிப்பு வரவில்லை.

"அதனாலதான் டிவியா? நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்லுவேன்? பெத்தவளை நம்பாதேன்னா? அதைச் சொல்ற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்புதான். உன் வாயை அடைக்கப் பாத்தேன். அவளைப் போய்க் கேட்டிருக்கணும்."

மாடிப்படியில் காலடிச் சத்தம். அம்மா இறங்கி வந்தாள். கல்லூரியிலிருந்து வந்து உடைகூட மாற்றவில்லை. கடைக்குள் வராமல் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டாள்.

"ரத்து பண்ற உத்தரவு எழுதிட்டேன். நாளைக்குக் காலைல குடுத்துடுவேன். அந்தப் பையன் நாளைக்கே விடுதிக்குத் திரும்பிடலாம். உனக்கும் குரூப் கிடைச்சாச்சு. இதோட விட்டுடுவோமா?"

விட்டுவிடலாம். அப்படியொன்றும் கஷ்டமில்லை. வாயை மூடிக்கொண்டு நாளைக் காலையில் போய் அட்டை வெட்ட வேண்டியதுதான். மகள் அதை யோசிக்கவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

போன் அடித்தது. மேகம்.

"ஏய், தண்ணி குடிக்கப் போறேன்னுட்டு அப்படியே ஓடிட்டியே? நெட்டையன் அட்டை வாங்கிட்டான். நாளைக்கு சீக்கிரமே வந்துடு, ஜன்னல் பக்கம் நல்ல இடமா பிடிச்சுக்கலாம்." குரலில் அப்படியொரு உற்சாகம். வெகுநாளாக அந்தக் குரலில் இல்லாத உற்சாகம். "எங்கூட யாராவது சண்டை போட்டு வேலை செஞ்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ப்ளான்ல நான் தப்பு பண்ணா திட்டணும் நீ. சரியா?"

மகள் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. அம்மா படியின் கைப்பிடியைப் பற்றியபடி லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"மேகம், நான்தான்."

"என்ன நீதான்?"

"நெட்டையன் பேரு என்கிட்டேர்ந்துதான் போச்சு. மையத்துக்குப் போய் நான் சொல்லலை, அது சத்தியம். ஆனா வீட்ல சொன்னேன். சாப்பிடும்போது. தினமும் எல்லாத்தையும் சொல்லுவேன், சும்மா கதை மாதிரி. அம்மா அதை எடுத்துகிட்டாங்க. எனக்கே இன்னிக்கு உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசினப்புறம்தான் தெரிஞ்சுது. காலைல உங்கிட்ட பொய் சொல்லணும்னு சொல்லலை. நம்பு."

வைத்துவிட்டாளோ என்று மகள் போனை எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. தூரத்தில் ஒரு குழந்தை ஏதோ பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது.

பிறகு மேகம் பேசினாள். உற்சாகமெல்லாம் வற்றி, ரொம்பத் தணிந்த குரலில்.

"எல்லாத்தையும் சொல்லுவியா?"

"மேகம்..."

"படில உக்காந்து உங்கிட்ட சொன்னேனே. என் தங்கச்சி விஷயம். அதையும் சொன்னியா?"

மகள் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அந்த இரவு அழுத முகத்தோடு வீட்டுக்கு வந்தது ஞாபகம் வந்தது. என்னாச்சு கண்ணு என்று அம்மா தலையைத் தடவியது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்பது மட்டும் என்ன முயன்றும் ஞாபகம் வரவில்லை.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, மேகத்தோட தங்கச்சியைப் பத்தி நான் உங்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கேனா?"

எந்தத் தங்கச்சி என்று அம்மா கேட்கவில்லை.